கான்ட்ராக்டருக்கு எதற்கய்யா சங்கம்?



பேரவையிலிருந்து இரண்டு தம்பிகள் என்னைத் தேடி வந்தபோது நான் ஒரு மாடித் தளத்துக் கான்கிரீட் வேலையில் நின்றுகொண்டிருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தவனைப் பார்த்து முதலில் மேஸ்திரி என்று நினைத்துவிட்டார்கள். "மலருக்கு சிவில் சம்பந்தமா ஒரு கட்டுரை வேணும் சார்" என்றார்கள். "சாயங்காலம் திருச்சியில் எங்கள் சங்கக் கூட்டம் இருக்கிறது, போய் வந்து யோசிக்கிறேன்" என்றேன். ஒரு தம்பி சட்டென்று கேட்டான்: "கான்ட்ராக்டருக்கெல்லாம் சங்கம் இருக்கா சார்? ஆட்டோ ஸ்டாண்டுல இருக்கே, அந்த மாதிரியா?"

கேள்வி எனக்குப் பிடித்துப் போயிற்று. அன்று பதில் சொல்ல நேரமில்லை. ஜல்லி கலந்து தயாராக இருந்தது, கலவை காத்திருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நம் வகுப்பில் எஸ்டிமேட்டிங் பாடத்தில் ரேட் அனாலிசிஸ் போடுகிறோம். சிமெண்டு இத்தனை மூட்டை, மணல் இத்தனை கனமீட்டர், கொத்தனார் இத்தனை பேர், சித்தாள் இத்தனை பேர், கடைசியில் கான்ட்ராக்டர் லாபம் 10 சதவீதம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பாடம் சொல்வதில்லை. மளிகைக் கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு சாமானைக் கொடுக்கிறார். கான்ட்ராக்டர் மட்டும் சாமானைப் போட்டு, கூலியைக் கொடுத்து, வேலையை முடித்து, அது எம் புக்கில் ஏறி, சரிபார்க்கப்பட்டு, பில்லாகி, அதில் வருமான வரி, ஜி.எஸ்.டி., தொழிலாளர் நல வரி, பிடித்தம் எல்லாம் போக மிச்சத்தை என்றைக்கோ வாங்குகிறார். டெண்டர் போடும்போதே முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒரு பங்கு பணம் பராமரிப்புக் காலம் முடியும்வரை அவர்களிடமே இருக்கும். சுருக்கமாகச் சொன்னால், அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்து வேலை செய்கிற ஆள் அவர்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தப் படிவத்தை எழுதுபவர் வேலை கொடுப்பவர். கான்ட்ராக்டர் கையெழுத்து மட்டும் போடுகிறார். "இந்த ஷரத்து எனக்கு ஒத்துவராது" என்று தனி ஆளாகச் சொன்னால் டெண்டரைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். சங்கம் என்ற ஒன்று பிறப்பது இந்த இடத்தில்தான்.

பூனாவில் பிறந்த சங்கம்

நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கான அகில இந்திய அமைப்பு பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா. சுருக்கமாக பி.ஏ.ஐ. என்பார்கள். 1941-ஆம் ஆண்டு பூனாவில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பாசறை, விமான தளம், கிடங்கு என்று எம்.இ.எஸ். எனப்படும் ராணுவப் பொறியியல் பிரிவின் வேலைகளை எடுத்துச் செய்த கான்ட்ராக்டர்கள்தான் முதலில் கூடியவர்கள். போர்க்காலத்தில் விலைவாசி எப்படி ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பழைய ரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு புது விலையில் சாமான் வாங்குவது அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே வலிதான்.

இன்று அதன் தலைமையகம் மும்பையில். நாடெங்கும் 200-க்கும் மேற்பட்ட மையங்கள். சென்னையில் தென்னக மையம், நமக்குப் பக்கத்தில் திருச்சியிலும் மையம் உண்டு. அமெரிக்காவில் இதேபோன்ற அமைப்பு 1918-இல், முதல் உலகப் போரின் சமயத்தில் தொடங்கியது. "ஒவ்வொரு கான்ட்ராக்டரோடும் தனித்தனியாகப் பேச முடியாது, ஒரே அமைப்பாக வாருங்கள்" என்ற எண்ணம் அங்கே அரசாங்கத்துக்கே இருந்தது. அதிபர் உட்ரோ வில்சனின் விருப்பத்தின் பேரில்தான் அது உருவானது. ஆசிய, மேற்குப் பசிபிக் நாடுகளின் கான்ட்ராக்டர் சங்கங்கள் சேர்ந்து 1956-இல் மணிலாவில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. நம் பி.ஏ.ஐ.யும் அதில் உறுப்பு.

வரலாறு இதோடு போதும். சங்கம் என்ன செய்கிறது என்பதுதானே கேள்வி? அதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். சட்டம் என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இரண்டுமே உங்கள் எஸ்டிமேட்டில் வந்து உட்காரும் விஷயங்கள்.

சமையல்காரர் பருப்பு விற்றாரா?

கல்யாண வீட்டில் சமையல் கான்ட்ராக்ட் விடுகிறோம். 500 இலைக்கு இத்தனை ரூபாய், சாமான் உட்பட. கல்யாணம் முடிந்ததும் ஒரு வரி அதிகாரி வந்து, "நீங்கள் பெண் வீட்டாருக்குத் துவரம்பருப்பு விற்றிருக்கிறீர்கள், அதற்கு விற்பனை வரி கட்டுங்கள்" என்றால் சமையல்காரர் என்ன சொல்வார்? "நான் சாம்பார் வைத்தேனுங்க, பருப்பு விக்கலை" என்பார்.

கட்டட வேலையிலும் இதே தகராறு வந்தது. அதுவும் நம் மாநிலத்திலேயே வந்தது. அன்றைய சென்னை மாகாணச் சட்டம் கட்டட ஒப்பந்தங்களிலும் விற்பனை வரி கேட்டது. கேனன் டங்கர்லி என்ற கட்டுமான நிறுவனம் வழக்காடியது. 1958-இல் உச்ச நீதிமன்றம், கட்டடம் கட்டித் தருவது பிரிக்க முடியாத ஒரே உடன்படிக்கை, அதற்குள் செங்கல் விற்பனை, சிமெண்டு விற்பனை என்று தனியாக எதுவும் இல்லை, ஆகவே மாநிலம் வரி போட முடியாது என்று சொல்லிவிட்டது. சிவில் படித்த யாரும் இந்த வழக்கின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அரசாங்கம் விடுமா? 1982-இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். 46-ஆவது திருத்தம். வேலை ஒப்பந்தத்தில் அடங்கிய சாமான்கள் கைமாறுவதும் விற்பனையே என்று 366-ஆவது பிரிவில் சேர்த்தார்கள். உடனே மாநிலங்கள் ஆளுக்கொரு விதமாக வரி போட ஆரம்பித்தன. ஒப்பந்தத் தொகையில் எவ்வளவு சாமான், எவ்வளவு கூலி என்று பிரிப்பதில்தான் சிக்கல். மண் வெட்டிப் போடும் வேலையில் சாமான் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

இங்கேதான் சங்கம் உள்ளே வந்தது. 'பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா எதிர் இந்திய அரசு' என்று சங்கத்தின் பெயரிலேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. ஐந்து நீதிபதிகள் அமர்வு 1989 மார்ச் 31-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. சங்கம் முழுதாக ஜெயிக்கவில்லை. திருத்தம் செல்லும் என்றே தீர்ப்பு. ஆனால் மாநிலங்கள் இஷ்டத்துக்குப் போட முடியாது, சாதாரண விற்பனைக்கு என்னென்ன வரம்புகள் உண்டோ அத்தனையும் இதற்கும் உண்டு என்றது. தொடர்ந்து 1992 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு எதையெதைக் கழிக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது: கூலி, வரைபடக் கட்டணம், இயந்திர வாடகை, வேலையில் தீர்ந்துபோகும் தண்ணீர், கரண்ட், எரிபொருள், கூலி பங்குக்குரிய நிர்வாகச் செலவு, லாபம். இதெல்லாம் போக மிஞ்சும் சாமான் மதிப்புக்குத்தான் வரி.

தனியொரு கான்ட்ராக்டரால் இது முடியுமா? வக்கீல் பீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தத் துறையில் வேலை செய்கிறாரோ அந்தத் துறையை உள்ளடக்கிய அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டுவிட்டு, மறுநாள் அங்கேயே போய் பில் கேட்டு நிற்க வேண்டுமே! சங்கத்தின் பெயரில் வழக்கு என்றால் முகம் தெரியாது. நான் சங்கத்துக்குக் கட்டும் சந்தாவுக்கு இது ஒன்றே போதும் என்று நினைப்பவன்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வேலை ஒப்பந்தத்தை மொத்தமாகச் சேவை என்று வைத்துவிட்டார்கள். பழைய தகராறு முடிந்தது, புதிது வந்தது. அரசு வேலைகள் பலவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம் ஆனது. 12 என்று கணக்குப் போட்டு டெண்டர் எடுத்தவர் பாதி வேலையில் நிற்கிறார். அந்த 6 சதவீதத்தை யார் கொடுப்பது? லாபமே 10 சதவீதம் என்று படித்தீர்களே, அதை வைத்துக் கணக்குப் பாருங்கள். இதற்காகவும் மனு, தூது என்று சங்கங்கள் அலைந்தன. சிமெண்டுக்கு இருந்த 28 சதவீதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆயிற்று.

சிமெண்டு மூட்டையின் கதை

லால்குடிக்காரர்களுக்கு சிமெண்டு என்றால் தால்மியாபுரம்தான். 1939-இல் தொடங்கிய ஆலை. கல்லக்குடி பெயர்ப் போராட்டம் 1953-இல் நடந்ததும் அந்த ஊரை முன்வைத்துத்தான். இந்தப் பக்கம் தால்மியாபுரம், கொஞ்சம் தள்ளி அரியலூர். சுண்ணாம்புக்கல் நம் காலடியில் கிடக்கிறது. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் சிமெண்டு வாங்க பர்மிட் வேண்டும். விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்தன. 1982-இல் பாதி தளர்த்தினார்கள், 1989 மார்ச்சில் முழுவதும் நீக்கினார்கள். என் அப்பா காலத்தில் பர்மிட்டுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றது போய், என் காலத்தில் கடைக்காரர் சொன்னதே விலை என்று ஆயிற்று.

கட்டுப்பாடு போனால் போட்டி வரும், போட்டி வந்தால் விலை சரியாக இருக்கும் என்பது பொருளாதாரப் பாடம். ஆனால் சைட்டில் பார்த்த எங்களுக்கு ஒரு விநோதம் தெரிந்தது. ஒரு கம்பெனி மூட்டைக்கு இருபது ரூபாய் ஏற்றினால் அடுத்தடுத்த நாளில் எல்லாக் கம்பெனியும் ஏறிவிடும். கடைத்தெருவில் நாலு பிராண்டு, நாலுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. டீக்கடையில் எல்லோரும் புலம்பினோம். புலம்பலோடு விட்டோம்.

சங்கம் விடவில்லை. 2010-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் பி.ஏ.ஐ. புகார் கொடுத்தது. பெரிய சிமெண்டு கம்பெனிகளும் அவர்களுடைய சங்கமும் கூடிப்பேசி உற்பத்தியைக் குறைத்து விலையை ஏற்றுகின்றன என்பது குற்றச்சாட்டு. ஆணையம் விசாரித்தது. ஆலைகள் 2009-10-இல் தம் திறனில் 83 சதவீதம் ஓடியவை, 2010-11-இல் 73 சதவீதமே ஓடின என்று கண்டது. விலைகள் ஒன்றையொன்று ஒட்டியே நகர்வதையும், அவர்கள் சங்கத்தின் மேடையில் விலை, உற்பத்தி விவரங்கள் பரிமாறப்பட்டதையும் எடுத்துக்காட்டியது. 2012 ஜூன் 20-ஆம் தேதி 11 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் ரூ.6,300 கோடி அபராதம்! அன்றைக்கு அரியலூர் பக்கம் ஆலை நடத்திய மெட்ராஸ் சிமெண்ட்ஸுக்கு சுமார் ரூ.259 கோடி, இந்தியா சிமெண்ட்ஸுக்கு சுமார் ரூ.187 கோடி.

கதை அங்கே முடியவில்லை. கம்பெனிகள் அப்பீல் போயின. வாதத்தைக் கேட்காத ஒருவரும் சேர்ந்து உத்தரவில் கையெழுத்திட்டது தவறு என்ற காரணத்தால் 2015 டிசம்பரில் மேல் தீர்ப்பாயம் உத்தரவை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்கச் சொன்னது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடியும் விசாரித்து, மறுபடியும் ஏறக்குறைய ரூ.6,700 கோடி அபராதம் விதித்தது. 2018 ஜூலையில் மேல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்பீலை ஏற்று, அபராதத்தில் 10 சதவீதம் கட்டச் சொன்னது. கம்பெனிகள் தாங்கள் கூடிப்பேசவில்லை என்றுதான் கடைசிவரை வாதாடின. 2010-இல் போட்ட புகார் எத்தனை வருடம் இழுத்திருக்கிறது பாருங்கள். ஒரு பில்லுக்குப் பதினெட்டு மாதம் காத்திருந்தாலே நம் மூச்சு முட்டுகிறது. இவ்வளவு காலம் ஒரு வழக்கைச் சுமக்க ஓர் அமைப்பால்தான் முடியும்.

மூட்டைக்கு எழுபது ரூபாய் ஏறினால் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். ஒரு பேச்சுக்கு 100 கனமீட்டர் 1:2:4 கான்கிரீட் என்று வையுங்கள். கனமீட்டருக்கு சுமார் 6.4 மூட்டை, மொத்தம் 640 மூட்டை. மூட்டைக்கு ரூ.70 என்றால் ரூ.44,800. கனமீட்டர் ரூ.6,000 என்று ரேட் எடுத்திருந்தால் வேலையின் மதிப்பு ரூ.6 லட்சம். அதில் லாபம் உத்தேசமாக ரூ.60,000. அந்த அறுபதில் நாற்பத்தைந்து போய்விட்டது. மிச்சம் பதினைந்தில் பில் வரும்வரையிலான வட்டியைக் கழித்துப் பாருங்கள்.

இதற்காகத்தான் விலை ஏற்ற ஷரத்து என்று ஒன்றை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லிச் சங்கங்கள் தொடர்ந்து கேட்டு வருகின்றன. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் 10 சி.சி. என்ற ஷரத்தைப் பார்க்கலாம். விலைக் குறியீட்டெண் எவ்வளவு ஏறியதோ, அந்த விகிதத்தில் சாமானுக்கும் கூலிக்கும் தனித்தனியாகச் சூத்திரம் போட்டுக் கொடுப்பார்கள். குறைந்தால் பிடித்தும் கொள்வார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் நீண்ட கால வேலைக்குத்தான் அது வரும். ஆறு மாதத்தில் முடிக்கும் சுற்றுச்சுவர் வேலைக்கெல்லாம் வராது. சின்ன கான்ட்ராக்டர்கள் செய்வதோ பெரும்பாலும் ஆறு மாத வேலைகள்தான்.

நான் பட்ட பாடு

இதைச் சொல்லாமல் போனால் கட்டுரை முழுமையாகாது. பல வருடங்களுக்கு முன், லால்குடிக்குக் கிழக்கே வாய்க்கால் ஓரத்து ஊரொன்றில் இரண்டு வகுப்பறை கட்டும் வேலை எடுத்தேன். எந்தத் துறை என்பது வேண்டாம். அஸ்திவாரம் 1.2 மீட்டர் என்று வரைபடம். தோண்டினால் அந்த ஆழத்திலும் சேறுதான். கடப்பாரை தானாக இறங்குகிறது. பக்கத்தில் நஞ்சை, வேறென்ன இருக்கும்? என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல மனிதர். "இன்னும் இறக்குங்க, மணல் போட்டு நிரவிட்டு மேல வாங்க, சப்ளிமெண்டரி எஸ்டிமேட் போட்டுக்கலாம்" என்றார். பள்ளிக்கூடம் ஆயிற்றே, பிள்ளைகள் உட்காரும் இடம் என்று நானும் மறுபேச்சுப் பேசாமல் செய்தேன். கூடுதலாக ரூ.1,80,000 செலவு.

மழைக்காலம் முடிவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. புதிதாக வந்தவர் எம் புக்கைப் பார்த்தார். "கூடுதல் ஆழத்துக்கு உத்தரவு எங்கே?" என்றார். வாயால் சொன்னது என்றேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. "நான் எப்படிங்க கையெழுத்துப் போட முடியும்?" என்றார். அவர் நிலையில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அஸ்திவாரமோ மண்ணுக்குள் போய்விட்டது, தோண்டியா காட்ட முடியும்? இந்தத் தகராறில் மெயின் பில்லும் சேர்ந்து மாட்டி பத்தொன்பது மாதம் கிடந்தது. கம்பிக் கடையில் கடன், சென்ட்ரிங் ஷீட் வாடகை, வீட்டு நகை அடகுக் கடையில். சனிக்கிழமை ஆனால் சம்பளத்துக்கு நிற்கும் சித்தாள்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் பின்பக்கமாக சைட்டை விட்டுப் போயிருக்கிறேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்போதுதான் திருச்சியில் ஒரு மூத்த கான்ட்ராக்டரிடம் ஒருவர் அழைத்துப் போனார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது இது: "ஏன் தம்பி, சித்தாளுக்கு வாரக்கூலி கொடுக்கும்போது நோட்டுல எழுதுறியா?"

"எழுதுறேன்ணே."

"மணல் லோடு இறங்கினா?"

"எழுதுறேன்ணே."

"அப்ப ஒண்ணேமுக்கா லட்சத்து வேலையை மட்டும் ஏன் எழுதலை?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். வாய்வழி உத்தரவு வந்தால் அன்று சாயங்காலமே, "இன்று தாங்கள் சைட்டில் சொன்னபடி" என்று ஆரம்பித்து ஒரு கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்கிவிடு. சைட் ஆர்டர் புத்தகத்தில் எழுதி வாங்கு. மண்ணுக்குள் மறையும் வேலைக்கு மூடுவதற்கு முன்னால் அளவு எடுக்கச் சொல். தாமதம் யாரால் என்று தேதியோடு குறி. பிரச்சினை முற்றினால் நடுவர் தீர்ப்புக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, ஆனால் நடுவர் முன்னால் போய் நின்றாலும் அவர் கேட்கப்போவது இதே கடிதத்தைத்தான். இவையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. சங்கக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் பணத்தை விட்ட கதையைச் சொல்லக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டுக்கொண்டே நடக்கும் அந்தப் பேச்சுதான் என் அபிப்பிராயத்தில் சங்கத்தின் முதல் உபயோகம். டெல்லியில் மனுக் கொடுப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி

சங்கம் என்றால் எல்லாம் நல்லதே என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். மேலே சொன்ன சிமெண்டு வழக்கில் புகார் கொடுத்ததும் ஒரு சங்கம், புகாருக்கு உள்ளானதும் ஒரு சங்கம். ஒரே தொழில்காரர்கள் ஓரிடத்தில் கூடினால் நியாயமும் பேசலாம், விலையும் பேசலாம். நம் தொழிலில் ரிங் போடுவது என்று ஒரு பழக்கம் உண்டு. டெண்டருக்கு நாலு பேர் போட வேண்டியது. நாலு பேரும் முதல் நாள் லாட்ஜில் உட்கார்ந்து இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பங்கு போட்டுக்கொள்வது. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் சிமெண்டு கம்பெனிகளைப் பிடித்த அதே பிரிவில் இதையும் குற்றம் என்கிறது. சிமெண்டுக்காரர்களை நோக்கி விரல் நீட்டிய நாம் நம் பக்கத்து மூன்று விரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் காரியத்துக்கும் அகில இந்திய அமைப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஊரில் "சங்கம்" என்று சொன்னால் சிலருக்கு இதுதான் ஞாபகம் வருகிறது என்பதை மறைத்துப் பயனில்லை.

அடுத்தது, தொழிலாளர்கள். கான்ட்ராக்டர் சங்கம் முதலாளிகளின் சங்கம்தான். சாரத்திலிருந்து விழுந்த ஆளுக்காகப் பேச வேண்டியவர்கள் வேறு. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. மத்தியில் 1996-இல் தனிச்சட்டம் வந்து, கட்டுமானச் செலவில் 1 முதல் 2 சதவீதம் வரை நல நிதிக்காகப் பிடிக்க வழி செய்தது. தொழிலாளர் அமைப்புகள் பல வருடம் போராடிப் பெற்றவை இவை. பில்லில் இந்தப் பிடித்தத்தைப் பார்த்து எங்கள் ஆட்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்த முணுமுணுப்பில் உடன்பாடில்லை. மற்ற பிடித்தங்கள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியாது, இது என் சித்தாளின் மகள் கல்யாணத்துக்குப் போகிறது.

பெரிய கம்பெனிகளின் குரலும் சின்னவர்களின் குரலும் சங்கத்துக்குள் ஒரே சத்தத்தில் கேட்பதில்லை என்பதும் உண்மை. மெட்ரோ ரயில் எடுப்பவருக்கு நடுவர் தீர்ப்புத் தொகை எப்போது வரும் என்பது கவலை. எனக்கோ பஞ்சாயத்து வேலையின் மூன்று லட்சம் எப்போது வரும் என்பது கவலை.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் கட்டட கான்ட்ராக்டர் ஆவதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான பதிவுச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு துறையும் தனக்கென்று கிளாஸ் 1, கிளாஸ் 2 என்று பதிவு வைத்திருக்கிறது. தனியார் வீடு கட்ட அதுவும் வேண்டாம். முதல் இருந்தால் போதும், நாளையே போர்டு மாட்டலாம். மலேசியாவில் 1994-இல் சட்டம் போட்டு வாரியம் அமைத்து, அதில் பதியாதவர் கட்டுமான வேலை எடுக்கக் கூடாது என்று வைத்தார்கள். இங்கே 2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. பிறகு வழக்கம்போல் அடங்கியது. சங்கம் உறுப்பினருக்குப் பயிற்சி கொடுக்கலாம், பரிசு கொடுக்கலாம். தப்புச் செய்தவனைத் தொழிலை விட்டு நிறுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கிறது. கட்டடம் கட்டுகிறவனுக்கு இல்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஆட்டோ ஸ்டாண்டு சங்கம் மாதிரியா? பாதி அப்படித்தான். ஸ்டாண்டில் ஒருத்தர் வண்டியைப் போலீஸ் பிடித்தால் பத்துப் பேர் போய்ப் பேசுகிறார்களே, அதே காரியம்தான் இங்கே கோர்ட் மட்டத்திலும் டெல்லி மட்டத்திலும் நடக்கிறது.

போகும்போது அவன் இன்னொன்றும் கேட்டான். டிப்ளமா முடித்ததும் சங்கத்தில் சேரலாமா என்று. முதலில் இரண்டு மூன்று வருடம் யாரிடமாவது சைட் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, சொந்தமாகப் பதிவு செய்த பிறகு சேரலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என் பழைய ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை சேர்ந்து படிப்போம். அரை நாள் ஆகும். அந்த வகுப்பறை வேலையின் பைலையும் எடுத்து வைக்கிறேன். மெயின் பில் வந்து சேர்ந்தது. ரூ.1,80,000 வரவில்லை. கட்டடம் மட்டும் இன்றுவரை ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது, அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொள்வேன்.